வாய் திறவாப் பரு

காலையில் முகம் கழுவும்போது கண்ணாடியில் யாதொரு மாறுதலும் தென்படாதிருக்க, தாடையின் ஓரத்தில் விரல் பட்ட மாத்திரத்தில் உள்ளே எங்கோ சுருக்கென்று நோவெடுத்து, அந்த நோவின் இருப்பிடத்தைத் தேடிக்கொண்டு அதே விரல் மறுபடியும் மறுபடியும் அங்கேயே சென்று அழுத்திப் பார்க்கின்ற அனுபவம், பதினைந்து பிராயத்தைக் கடந்த எவருக்கும் அநேகமாகப் புதிதாயிராது. அன்று மாலைக்குள் அவ்விடம் சற்றே சிவக்கும். மறுநாள் கொண்டைக்கடலை அளவுக்குத் தடித்து விண் விண்ணென்று தெறிக்கத் தொடங்கும். ஆயினும் அதற்கு முனையென்று ஒன்று இராது, சீழ் கோத்த வெண்மை இராது, நகத்துக்கு அகப்படும் பிடி எதுவும் இராது. சாதாரணப் பரு இரண்டொரு நாளில் பழுத்து, வாய் திறந்து, தன் காரியத்தை முடித்துக்கொண்டு போய்விடுகிறது. இதுவோ வாய் திறவாமலே தோலுக்கடியில் வாரக்கணக்கில் குடியிருந்து, போகும்போதும் ஒரு கருந்திட்டையோ சிறு குழியையோ விட்டுவிட்டே போகிறது.

சென்ற ஆனி மாதத்தில், கல்லூரியில் சேர இன்னும் பத்து நாளே இருந்த சமயம் பார்த்து, பதினேழு வயதான என் தம்பி மகளின் தாடையில் இப்படியொன்று முளைத்தது. வீட்டிலோ வைத்தியர்களுக்குப் பஞ்சமில்லை. என் தாயார் சங்கை இழைத்துப் போடச் சொன்னார். அவளுடைய அத்தை சாதிக்காயே சிலாக்கியம் என்றாள். எதிர்வீட்டு அம்மாள் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப்போட்டால் ஒரே ராத்திரியில் பழுத்துவிடும் என்று உறுதி கூறினார். அவள் அண்ணன், பல் துலக்கும் பசையைத் தடவு என்றான். இவர்கள் எல்லாரையும்விட அவசரக்காரரான என் தம்பி, 'இரண்டு விரலால் ஓர் அமுக்கு அமுக்கினால் தீர்ந்தது' என்றார். நான் சொன்னது, ஒன்றும் செய்யாமல் உட்கார் என்பது. சும்மா இருப்பதும் ஒரு சிகிச்சைதான் என்பதை நம் ஜனங்கள் எளிதில் ஒப்புவதில்லையாகையால், அதற்குரிய காரணத்தை அன்று வீட்டில் சொன்னதைவிடச் சற்று விரிவாகவே இங்கே சொல்லத் துணிகிறேன்.

பருவம் வந்தால் பரு வரும் என்ற சொல்லிணைப்பைக் கேட்டு, இவ்விரண்டும் ஒரே வேரில் பிறந்தவை என்று எண்ணுவோர் உண்டு. 'பரு' என்பது பருத்தல் என்னும் வினையோடு உறவுடைய நம் தமிழ்ச் சொல்; 'பருவம்' வடமொழியின் 'பர்வம்' என்பதிலிருந்து வந்தது. ஓசை ஒற்றுமை தற்செயலானதேயெனினும், விஷயத்தில் பிழையில்லை. சுசுருத சம்ஹிதை இந்நோயை 'முகதூஷிகை', அதாவது முகத்தைக் கெடுப்பது, என்று பெயரிட்டு, வாலிபரின் முகத்தில் இலவமரத்து முட்களைப் போல் எழுவது என்று வருணிக்கிறது. முள்ளிலவின் அடிமரத்தைத் தடவிப் பார்த்தவர்கள் அவ்வுவமையின் பொருத்தத்தை உணர்வார்கள். ஆங்கிலத்தில் வழங்கும் 'ஆக்னி' என்னும் பெயரோ, சிகரம் அல்லது உச்சம் எனப் பொருள்படும் 'ஆக்மி' என்ற கிரேக்கச் சொல்லை யாரோ ஒரு படியெழுத்தாளர் பிழையாக எழுதியதால் உண்டானது என்று கருதுவோர் பலர்.

இனி விஷயத்துக்கு வருவோம். நம் முகத்தின் தோலில் ஒரு சதுர செண்டிமீட்டர் பரப்புக்குள் நானூறிலிருந்து தொள்ளாயிரம் வரையில் எண்ணெய்ச் சுரப்பிகள் அடங்கியிருக்கின்றன. ஒவ்வொரு சுரப்பியும் ஒரு மயிர்க்காலின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, கிணற்றின் சுவரிலிருந்து ஊற்றுக் கசிவதுபோல, தன் நெய்யை அந்த மயிர்க்கால் குழாய்க்குள் விடுகிறது; அந்நெய் மெல்ல மேலேறித் தோலின் முகப்பில் பரவி அதனை வறளாமல் காக்கிறது. குழாயின் உட்சுவரும் தோலின் தொடர்ச்சியே ஆதலால், மேலே தோல் நாள்தோறும் பொடிப்பொடியாக உதிர்வதைப்போல உள்ளேயும் இறந்த அணுக்கள் உதிர்ந்து நெய்யோடு வெளியேறிக்கொண்டிருக்க வேண்டும். சிலருடைய மயிர்க்கால்களில் இவ்வணுக்கள் உதிர்ந்து போகாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, நெய்யையும் பிடித்துவைத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத ஒரு நுண்ணிய அடைப்பாக இறுகுகின்றன. பருவென்னும் நாடகத்தின் முதற்காட்சி இதுதான். வெளியே தெரியும்படியான உருவை இது அடைவதற்குச் சுமார் எட்டு வாரம் பிடிக்கும். ஆகவே, நேற்றுத் தின்ற பலகாரத்தால் இன்று பரு வந்தது என்று பழி சுமத்துவது நியாயமன்று.

இந்த அடைப்பு மேலே திறந்திருந்தால் கரும்புள்ளி, மூடியிருந்தால் வெண்புள்ளி. கரும்புள்ளியின் கருமையை அழுக்கென்று எண்ணித் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவோர் அனந்தம். உண்மையில் அது தோலின் நிறப்பொருளாகிய மெலனினும், காற்றுப் பட்டு மாறுதலடைந்த நெய்யும் சேர்ந்த கருமையேயன்றித் தூசியன்று. மேனாட்டார் இதற்கு வைத்த 'கொமிடோ' என்ற லத்தீன் பெயர் பெருந்தீனிக்காரன் என்னும் பொருளுடையது. பிதுக்கினால் புழுவைப்போல் நெளிந்து வெளிவரும் அப்பொருளை, உடலைத் தின்னும் புழு என்றே முற்காலத்தவர் எண்ணினார்களாம்.

எண்ணெய்ச் சுரப்பிகளுக்கு வேகத்தை ஊட்டுவது ஆண்ட்ரொஜன் என்னும் ஹார்மோன். ஆண்களிடம் மிகுதியாகவும் பெண்களிடம் சிறு அளவிலும் இருப்பது. அமெரிக்கரான ஜேம்ஸ் ஹாமில்டன் என்பவர், பூப்பெய்துமுன் விரை நீக்கப்பட்டவர்களுக்குப் பரு உண்டாவதில்லை என்பதையும், அவர்களுக்கு டெஸ்டாஸ்டிரோனைச் செலுத்தினால் பரு தோன்றக்கூடும் என்பதையும் 1941-இல் வெளியிட்டு இந்தச் சம்பந்தத்தை நிலைநாட்டினார். பெண்களிற் பலருக்கு மாதவிலக்கு நெருங்கும் நாட்களில், அதுவும் தாடையிலும் மோவாயிலும், ஆழப் பரு எழும்புவதற்கும் ஹார்மோன்களின் ஏற்றத்தாழ்வே காரணம்.

இதற்குள் ஒரு கிருமியும் வந்து சேருகிறது. மிகச் சிறிய கோலைப்போன்ற வடிவமுடையதும், காற்றில்லாத இடத்தில் செழித்து வளர்வதும், நெய்யை உணவாகக் கொள்வதுமான இக்கிருமியை 1896-இல் ஜெர்மானியரான பால் உன்னா பருவின் அடைப்பில் கண்டார். நெடுங்காலம் புரோபியோனிபாக்டீரியம் ஆக்னஸ் என்று வழங்கி, 2016-இல் கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்று பெயர் மாற்றம் பெற்ற அது, பருவே இல்லாத வழவழத்த முகத்திலும் குடியிருப்பது. வெளியிலிருந்து படையெடுத்து வந்த பகைவன் என்று அதனைச் சொல்வதற்கில்லை. சந்தர்ப்பம் வாய்த்தபோது கலகம் செய்கிற உள்ளூர்க்காரன் என்று வேண்டுமானால் சொல்லலாம். பருவைத் தொற்றுநோய் என்று நினைப்பதும், முகத்தைச் சோப்பினால் நாளைக்கு ஆறுதரம் கழுவினால் போய்விடும் என்று நம்புவதும் இதை அறியாத பிழைகள்.

மேற்சொன்னவை எல்லாம் எல்லாப் பருவுக்கும் பொது. வாய் திறவாப் பருவின் கதை பிரிந்துபோகும் இடம் இனிமேல்தான் வருகிறது. அடைபட்ட குழாய்க்குள் நெய்யும் இறந்த அணுக்களும் கிருமிகளும் சேர்ந்து உப்பிக்கொண்டே போக, ஒரு கட்டத்தில் அக்குழாயின் சுவர் தாங்கமாட்டாமல் கிழிகிறது. கிழிசல் மேற்புறத்தில், தோலின் முகப்புக்கு அருகில் நேர்ந்தால், சிறு கொப்புளமாகச் சீழ் வெளியேறி இரண்டொரு நாளில் ஆறிவிடும். கிழிசல் ஆழத்தில், குழாயின் அடிப்பகுதியில் நேர்ந்துவிட்டாலோ, உள்ளிருந்த அத்தனையும் வெளியுலகத்துக்குப் போவதற்குப் பதிலாக உட்தோலுக்குள் கொட்டிவிடுகிறது. குழாய்க்குள் இருக்கும்வரை யாதொரு தொந்தரவும் தராத கெரட்டின் துணுக்குகளும், மயிரிழைகளும், நெய்யும், உட்தோலின் கண்ணுக்கு அந்நியப் பொருள்கள். காலில் தைத்த முள்ளை உடல் எப்படிப் பார்க்குமோ அப்படியே இவற்றையும் பார்க்கிறது. இரத்தக் குழாய்கள் அகன்று கொடுக்கின்றன. வெள்ளணுக்கள் திரள்திரளாக வந்து இறங்குகின்றன. நீர் கசிந்து திசுக்கள் வீங்குகின்றன. நெருங்கப் பின்னிய கொலாஜன் இழைகளால் ஆன உட்தோல் எளிதில் விரிந்து கொடுக்காததால், அவ்வீக்கம் நரம்பு முனைகளை நெருக்குகிறது. அழற்சியில் ஊறும் இரசாயனப் பொருள்கள் அந்நரம்புகளை மேலும் கூச்சமுடையவையாக்குகின்றன. அகன்ற நாளங்களில் நாடி அடிக்குந்தோறும் வலியும் கூடவே அடிக்கிறது. விண் விண்ணென்று தெறிப்பதாக நாம் சொல்வது இதைத்தான்.

இதிலிருந்து ஒன்று விளங்கும். அந்தக் கட்டியில் நாம் தொட்டுணர்வது பெரும்பாலும் அழுக்குமன்று, சீழுமன்று. நம்முடைய உடலே திரட்டியனுப்பிய சேனை. அது தன் வேலையைச் செய்து முடித்து, கொட்டிக் கிடந்ததைத் தின்று தீர்த்துக் கலைந்து போகவேண்டும்; அதற்கு நாளாகும். வெளியே வருவதற்கு வழியே இல்லாத ஒன்றை வெளியேற்ற முயல்வதுதான் பிதுக்குதல். நகத்தின் அழுத்தம் மேலே வாசல் காணாமல் பக்கவாட்டிலும் கீழேயும் செல்ல, ஏற்கெனவே கிழிந்த சுவர் இன்னும் கிழிந்து, ஒரு மயிர்க்காலில் இருந்த கலகம் பக்கத்து மயிர்க்கால்களுக்கும் பரவுகிறது. கொண்டைக்கடலை நெல்லிக்காயாகிறது.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. கல்லூரி விடுதியில் இருந்த காலத்தில், ஒரு நண்பனின் தமக்கையின் கல்யாணத்துக்கு முதல்நாள் இரவு, வலக்கன்னத்தில் இருந்த இத்தகைய ஒன்றைக் கட்டைவிரல் நகங்கள் இரண்டாலும் அரைமணி நேரம் விடாப்பிடியாக நெருக்கி, இரண்டு சொட்டு இரத்தத்தைத் தவிர வேறொன்றும் காணாமல் படுத்தவன், மறுநாள் பந்தியில் எல்லாரும் பல்வலியா என்று விசாரிக்கும்படியான கன்னத்தோடு உட்கார்ந்திருந்தேன். வீக்கம் வடிய மூன்று வாரமாயிற்று. அவ்விடத்துக் குழி இன்றைக்கும் சவரம் செய்யும்போது கத்தியில் தட்டுப்படுகிறது.

மூக்கின் மேற்பாலத்திலிருந்து வாயின் இரு கோடிகள் வரையிலான முக்கோணப் பரப்பை வைத்தியர்கள் அபாய முக்கோணம் என்பர். அவ்விடத்துச் சிரைகள் கண்குழியின் வழியாக மண்டையோட்டுக்குள் இருக்கும் காவர்னஸ் சைனஸ் என்ற இரத்தத் தேக்கத்தோடு தொடர்புடையவை. ஆகையால் அங்கே எழுந்த கட்டியில் சீழ்க்கிருமி புகுந்தால், அது மூளையின் வாசல்வரை செல்ல வழியுண்டு. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் வருமுன் அவ்வாறு நேர்ந்தவர்கள் பிழைப்பது அரிதாயிருந்தது. இன்று இது மிகவும் அபூர்வம். பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. ஆயினும் மூக்கு நுனியில் வந்த ஆழப் பருவை ஊசியால் குத்திப் பார்ப்பவரைக் கண்டால், அந்த ஊசியைப் பிடுங்கி வைத்துவிடுவது நலம்.

அப்படியானால் வீட்டில் செய்யத்தக்கது ஒன்றுமே இல்லையா என்று கேட்கலாம். உண்டு, அது நம் பாட்டிமார்களுக்கு நன்கு தெரிந்த ஒத்தடம். ஆனால் அதற்கு ஒரு முறை உண்டு, வேளையும் உண்டு. நோவு தோன்றிய முதல் ஓரிரு நாட்களில் தேவைப்படுவது குளிர்ச்சி. ஒரு பனிக்கட்டியைச் சுத்தமான மெல்லிய துணியில் சுற்றி, ஐந்திலிருந்து பத்து நிமிஷம் அவ்விடத்தில் வைத்து, பத்து நிமிஷம் ஓய்வு கொடுத்து, இப்படி இரண்டு தடவை திருப்பிச் செய்யலாம் என்று அமெரிக்கத் தோல் மருத்துவர் சங்கம் ஆலோசனை கூறுகிறது. குளிர்ச்சியால் நாளங்கள் சுருங்கி வீக்கம் மட்டுப்படும். நரம்பு முனைகள் சற்று மரத்துப்போக வலியும் தணியும். பனிக்கட்டியை வெறுமனே தோலில் வைத்துத் தேய்ப்பது, தீயால் சுட்டதற்கு ஒப்பான புண்ணை உண்டாக்கக் கூடுமாதலால் துணி அவசியம்.

நாளடைவில் அது மேல்நோக்கி வந்து, உச்சியில் வெண்மை தட்டத் தொடங்கினால், அப்போது வெந்நீர் ஒத்தடத்தின் வேளை. கை பொறுக்கும் சூட்டிலுள்ள நீரில் சுத்தமான துணியை நனைத்துப் பிழிந்து, முதலில் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துச் சூடு பார்த்து, பின்னர் பருவின்மேல் அழுத்தாமல் பத்து முதல் பதினைந்து நிமிஷம் வைக்கவேண்டும்; ஆறிப்போனால் மறுபடி நனைக்கலாம்; ஒரு நாளைக்கு மூன்று அல்லது நான்கு தடவை செய்யலாம். உஷ்ணம் இரத்த ஓட்டத்தை மிகுவித்து, மேல்தோலை இளக்கி, சீழ் தானாக வழிதேடிக்கொள்ளத் துணைபுரிகிறது. நம் முன்னோர் கட்டிகளுக்கு அரிசிமாவைக் களியாகக் கிண்டி இளஞ்சூட்டோடு வைத்துக் கட்டியதன் தத்துவமும் இதுவே. களி நெடுநேரம் சூட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதைத் தவிர அரிசிக்கென்று தனி மகிமை அதில் இல்லை. ஒத்தடத்தின் பின்னும் அது வாய் திறக்கவில்லையென்றால், திறக்கவைக்க முயலக்கூடாது. வலி பொறுக்க முடியாவிட்டால், ஒத்துக்கொள்ளும் உடம்பினர் ஒரு பாராசிட்டமால் மாத்திரை போட்டுக்கொள்வதில் குற்றமில்லை.

இனிப் பாட்டியின் அலமாரியையும் ஒருமுறை திறந்து பார்ப்போம். சங்கு கால்சியம் கார்பனேட்டால் ஆனது. நீர்விட்டு இழைத்துப் போட்டால் உலர்ந்து இறுகி, மேலிருக்கும் எண்ணெயைச் சற்று உறிஞ்சும். ஆழத்தில் இருப்பதை அது எட்டாது, தீங்கும் செய்யாது. அதைவிடப் பெரிய உபகாரம், முகத்தில் வெள்ளைப் பூச்சு இருக்கும்வரை கை அங்கே போகாது என்பது. மஞ்சளில் உள்ள குர்க்குமின் என்ற பொருளுக்கு அழற்சியைத் தணிக்கும் குணம் இருப்பது ஆய்வுக்கூடங்களில் கண்டதே. ஆனால் அரைத்துப் பூசிய மஞ்சள் உட்தோலின் ஆழத்துக்குப் போய் வேலை செய்கிறது என்று அதைக்கொண்டு முடிவுகட்ட இயலாது. சிலருக்கு அதுவே அரிப்பை உண்டாக்குகிறது. சாதிக்காயும் அவ்வாறே, சிலர் தோலை எரியவைக்கும். சுண்ணாம்பின் சமாசாரம் வேறு. அது கடுங்காரம்; சற்றே புளிப்புத் தன்மையுடைய நம் மேல்தோலின்மேல், அதுவும் முகத்தில், இரவு முழுதும் அதனை வைப்பது வெந்துபோகச் செய்வதாகும். காலில் எழுந்த தடித்த கட்டிக்கு நம்மவர் கையாண்ட முறையைப் பெண்பிள்ளையின் தாடைக்குக் கொண்டுவரலாகாது. பச்சைப் பூண்டை நசுக்கி வைத்துக் கொப்புளித்துப்போன முகங்களும் உண்டு. எலுமிச்சம்பழச் சாற்றின் புளிப்பு தோலை அரிப்பதோடு நில்லாமல், சாறு பட்ட இடத்தில் வெயிலும் பட்டால் கரிந்ததுபோல் கறுத்துப்போகவும் செய்யும். பற்பசையோ, பற்களுக்காகச் செய்யப்பட்டது; அதிலுள்ள புதினா எண்ணெயும் நுரைப்பொருளும் தோலை எரிக்க, அந்த எரிச்சலையே மருந்து வேலைசெய்வதாக எண்ணிக்கொள்கிறோம். எரிந்தால்தான் மருந்து என்ற நம்பிக்கை நம்மிடம் எப்படிக் குடிகொண்டதோ அறியேன்; அயோடின் டிங்க்சர் காலத்தின் மிச்சமாயிருக்கலாம்.

மருந்துக்கடையில் கிடைப்பவற்றுள் முதன்மையானது பென்சாயில் பெராக்சைடு. இது மயிர்க்காலுக்குள் ஆக்ஸிஜனை வெளிப்படுத்தி, காற்றில்லாத இடத்தை விரும்பும் அக்கிருமியைக் கொல்கிறது. மற்ற நுண்ணுயிர்க்கொல்லிகளை எதிர்த்து நிற்கப் பழகிய கிருமிகளாலும் இதனை எதிர்க்க முடிவதில்லை. இதில் வேடிக்கை யாதெனில், நூற்றுக்கு இரண்டரை பங்கு வலிமையுள்ள களிம்பு, பத்துப் பங்குள்ளதற்குக் குறையாத பலனைத் தந்து, எரிச்சலை மட்டும் குறைவாகத் தருவதாக 1986-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. ஆகவே மெல்லியதையே, மெல்லிய பூச்சாக, இரவில் ஒருவேளை பூசினால் போதும். தலையணை உறையும் துவாலையும் வெளுத்துப்போகும். வெள்ளைத் துணியை உபயோகித்துக்கொள்ளவேண்டியதுதான். ஏற்கெனவே ஆழத்தில் வெடித்ததை இது பெரிதாக ஒன்றும் செய்துவிடாது. அக்கம்பக்கத்தில் அடுத்து வெடிக்கக் காத்திருப்பதைத் தடுக்கும். தேயிலை மர எண்ணெய் என்று விற்கப்படும் ஆஸ்திரேலிய எண்ணெயை இதனோடு ஒப்பிட்டு, 124 பேரைக்கொண்டு அந்நாட்டில் நடத்திய பரீட்சை 1990-இல் வெளியாயிற்று. எண்ணெய் பலன் தந்தது, ஆனால் மெதுவாகத் தந்தது. இப்போது ஒட்டிக்கொள்ளும் சிறு வட்டங்களாக விற்கப்படும் ஹைட்ரோகொலாய்டு ஒட்டுகள், புண்களைக் கட்டுவதற்காக உண்டானவை. வாய் திறந்த பருவின் நீரை அவை உறிஞ்சும். வாய் திறவாததற்கு அவை சங்குப் பூச்சு செய்த உபகாரத்தையே செய்கின்றன. அதுவும் பெரிய காரியமே.

ஒன்றை மட்டும் கடுமையாகச் சொல்லவேண்டியிருக்கிறது. கடைக்காரரைக் கேட்டவுடன் அவர் எடுத்துக் கொடுக்கும் சில வெள்ளைக் களிம்புகளை இரண்டு நாள் பூசினால் வீக்கம் மாயமாய் வற்றி, நிறமும் சற்று வெளுக்கும். ஆகையால் அவை முகப்பொலிவுக்கென்றே ஊரெங்கும் பூசப்படுகின்றன. அவற்றுள் பலவற்றில் இருப்பது ஸ்டீராய்டு. மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, நாளங்கள் சிவப்பு நூல்களாகத் தெரியத் தொடங்கி, மயிர் முளைத்து, நிறுத்திய உடனே முன்னிலும் பன்மடங்காகப் பரு வெடித்துக் கிளம்பும். நிறுத்த முடியாமல் மறுபடியும் அதையே பூசுவார்கள். இத்தகைய முகங்களை மிகுதியாகக் கண்ட இந்தியத் தோல் மருத்துவர்கள் அந்நிலைக்கென்றே ஒரு பெயரை வகுத்துக்கொள்ள நேர்ந்தது. 2018-இல் இந்திய அரசாங்கம் இத்தகைய பல களிம்புகளை வைத்தியர் சீட்டின்றி விற்கலாகாது என்று விதித்தது. விதி கடையில் எவ்வளவு தூரம் செல்லுபடியாகிறது என்பது வாசகர்களுக்குத் தெரிந்த விஷயம்.

அடிக்கடி இப்படி வருகிறவர்கள் கவலைப்படவேண்டியது வந்த பருவைக் குறித்தன்று. கண்ணுக்குத் தெரியாமல் எட்டு வாரமாக உருவாகிக்கொண்டிருக்கும் பருக்களைக் குறித்தே. மயிர்க்காலில் அணுக்கள் ஒட்டிக்கொள்வதைத் தடுப்பவை வைட்டமின் 'ஏ'-யின் வழிவந்த மருந்துகள். இவற்றில் முதலாவதான ட்ரெட்டினாயின் பருவுக்குப் பயன்படுவதை 1969-இல் வெளியிட்டவர் பிலடெல்பியாவின் ஆல்பர்ட் கிளிக்மன். அந்நகரத்து ஹோம்ஸ்பர்க் சிறையில் அடைபட்டுக் கிடந்தவர்களின் தோலில், இருபதாண்டுகளுக்கு மேல் பலவகை இரசாயனங்களைப் பூசிப் பரிசோதித்தவரும் அவரே. இன்று அப்பெயரைச் சொல்லும் மருத்துவர்கள் நன்றியோடு நாணத்தையும் சேர்த்தே சொல்கிறார்கள். இக்குடும்பத்தில் பிற்காலத்தில் வந்ததும் சாந்தமானதுமான அடாபலீன், அமெரிக்காவில் 2016 முதல் சீட்டின்றியே கிடைக்கிறது. நம் நாட்டில் வைத்தியரைக் கேட்டே வாங்கவேண்டும். முதல் சில வாரங்களில் தோல் உரிந்து, பரு கூடியதுபோலத் தோன்றும். அதைக் கண்டு கைவிட்டவர்கள் பலர். கருவுற்றவர்கள் இம்மருந்துகளைத் தொடலாகாது.

உணவைப்பற்றி ஒரு வார்த்தை. கிளிக்மனும் அவரோடு இருந்தவர்களும் 65 பேருக்குச் சாக்லேட் கொடுத்துப் பார்த்து, அதற்கும் பருவுக்கும் சம்பந்தமில்லை என்று 1969-இல் தீர்ப்பளித்தார்கள். ஒப்பிடுவதற்காகக் கொடுத்த போலிப் பலகாரத்திலும் ஏறக்குறைய அதே அளவு சர்க்கரையும் கொழுப்பும் இருந்தன என்பதைப் பின்னால் மற்றவர்கள் எடுத்துக்காட்டினார்கள். இரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றாத உணவைப் பன்னிரண்டு வாரம் உண்ட ஆஸ்திரேலிய இளைஞர்களுக்குப் பரு ஓரளவு குறைந்தது என்று 2007-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆகவே சீனியையும் மைதாவையும் குறைத்துக்கொள்வதால் நஷ்டமில்லை. எண்ணெய்ப் பலகாரம் நேராகத் தோலுக்குப் போய் எண்ணெயாக வடிகிறது என்ற எண்ணந்தான் வீண். ஆனால் தலையில் தேய்க்கும் எண்ணெய் நெற்றியில் வழிந்தால் அங்கே சிறுபருக்கள் கிளம்புவது மெய். கூந்தலை வாரியெடுத்துப் பின்னே முடிந்துகொள்வது நல்லது.

இரண்டு வாரத்துக்கு மேலும் பரு நோகுமானாலும், மேன்மேலும் புதிதாகத் தோன்றுமானாலும், தோல் மருத்துவரிடம் போகவேண்டும். அவர் டிரையம்சினலோன் என்னும் மருந்தை மிகவும் நீர்த்த அளவில், மெல்லிய ஊசியால் கட்டிக்குள்ளேயே ஒரு துளி செலுத்துவார். இரண்டு மூன்று நாளில் தட்டையாகிவிடும். சற்று மிஞ்சினால் அவ்விடம் பள்ளமாகும் ஆதலால் இது பழகிய கைக்கே உரியது. முகமெங்கும் ஆழப் பருவாக இருந்து தழும்பு விழுகிறவர்களுக்கு, சுரப்பிகளையே சுருங்கச் செய்யும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை உண்டு. 1982-இல் அமெரிக்க அரசு அனுமதித்த அம்மருந்து, எத்தனையோ பேருடைய முகத்தை மீட்டது. கருவிலுள்ள சிசுவைக் கொடூரமாக ஊனப்படுத்தக் கூடியதாகையால் கடுமையான நிபந்தனைகளோடு கொடுக்கப்படுகிறது. பருவென்று நாம் எண்ணுவதெல்லாம் பருவாகவும் இராது: ஒரே இடத்தில் வருஷக்கணக்காக வந்து வந்து போவது நீர்ப்பையாக இருக்கலாம், அக்குளிலும் தொடையிடுக்கிலும் எழுவது வேறொரு வியாதியாகலாம். காய்ச்சல் கண்டாலும், சிவப்பு வேகமாகப் பரவினாலும், கண்ணிமை வீங்கினாலும், நீரிழிவுள்ளவர்க்கு வந்தாலும் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்கவேண்டும்.

என் தம்பி மகளுக்கு இவ்வளவும் வேண்டியிருக்கவில்லை. பனிக்கட்டி ஒத்தடம் இரண்டு நாள். பின்னர் ஒரு சிறு ஒட்டு. பாட்டியின் மனம் நோகாமலிருக்க ஒருநாள் இரவு சங்குப் பூச்சு. ஆறாம் நாள் நோவு போய், பத்தாம் நாள் கல்லூரிக்குப் போகையில் தாடை தட்டையாயிருந்தது; வாய் திறவாமலே வந்தது, திறவாமலே கரைந்தது. ஆனால் அவ்விடத்தில் மிளகளவில் ஒரு கருந்திட்டு நின்றுவிட்டது. நம்போன்ற மாநிறத்தவர் தோலில் எந்த அழற்சிக்குப் பின்னும் மெலனின் மிகுதியாகச் சுரந்து தேங்குவது வழக்கம். வெயில் பட்டால் அது இன்னும் கறுக்கும். தானாகவே கலையும், ஆனால் மாதக்கணக்காகும். கண்ணாடிக்கு முன்னால் நின்றுகொண்டு, 'பெரியப்பா, இது எப்போ போகும்?' என்று கேட்டாள். 'வெயிலில் குடை பிடித்துக்கொண்டு போனால் தைப் பொங்கலுக்குள் போய்விடும்' என்றேன். அவள் ஆனி, ஆடி, ஆவணி என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்து, மார்கழியில் நிறுத்தி, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குடையைத் தேடிக்கொண்டு உள்ளே போனாள்.